“ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்”: நெட் விட்டு விட்டு வரும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

ஒரே ஃபைபர் இணைப்பை இரண்டு மூன்று போர்ஷன்கள் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் ஏமாற்று இது. நெட் முழுதாகப் போவதில்லை. அரை நிமிடம் நிற்கும், தானாக வரும். புகார் கொடுத்தால் ஃபோனிலேயே ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்பார்கள். பிறகு ஆள் வருவார். வந்ததும் மோடத்தை அணைத்துப் போடுவார், ஸ்பீட் டெஸ்ட்டில் 100 மெகாபிட் வேகம் வருவதைக் காட்டுவார், புகாரை மூட ஓடிபி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் பழைய கதைதான். இரண்டாம் முறை வந்தால், ‘ஆள் அதிகம், பிளானை 200 ஆக்குங்க’. மூன்றாம் முறை, ‘ரவுட்டர் பழசு, டூயல் பேண்ட் போடணும்’. அடுத்து மாடிக்கு ஒரு வைஃபை பூஸ்டர். அதற்கும் மசியாதவர்களிடம், ‘ஸ்டாடிக் ஐபி எடுத்தா கட்டே ஆகாது’.

கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். ஸ்டாடிக் ஐபி என்பது மாறாத முகவரி, அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க உதவும். லைன் அறுவதைத் தடுக்காது. பிளான் உயர்த்துவதும் அப்படியே. ஃபைபரில் ஒளி வராத அரை நிமிடத்தில் 100 பிளானும் சுழியம், 200 பிளானும் சுழியம். மலிவு பூஸ்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். புது ரவுட்டர் சில வீடுகளில் உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் அதை முடிவு செய்ய ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரத்தைத்தான் வந்தவர் முதல் காரியமாக அழித்துவிடுகிறார்.

மோடத்தை அணைத்துப் போட்டால் கோளாறு தற்காலிகமாக மறையும். கூடவே, எத்தனை நேரமாக ஓடிக்கொண்டிருந்தது என்ற கணக்கு சுழியத்துக்குப் போகும், பல மலிவு மோடங்களில் லாகும் (நடந்தவற்றின் பதிவு) காலியாகும். ஆகவே ஆள் வரும் முன்பே, நெட் ஒருமுறை நின்று திரும்பிய உடனே, மோடத்தில் கைவைக்காமல் மூன்று எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். சிலவற்றில் 192.168.0.1, சிலவற்றில் 192.168.100.1. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். ஸ்டேட்டஸ் பகுதியில் பார்க்க வேண்டியவை: சிஸ்டம் அப்டைம், வான் அல்லது பிபிபிஓஇ இணைப்பின் அப்டைம், ஆப்டிகல் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர். முதலாவது, மோடம் எத்தனை நேரமாக அணையாமல் ஓடுகிறது என்பது. இரண்டாவது, நிறுவனத்துடன் உள்ள இணைப்பு எத்தனை நேரமாக அறுபடாமல் இருக்கிறது என்பது. மூன்றாவது, உங்கள் வீடுவரை வந்து சேரும் ஒளியின் அளவு.

நெட் நின்று வந்தபின் சிஸ்டம் அப்டைம் ஐந்து நிமிடம் என்று காட்டினால், மோடமே அணைந்து எழுந்திருக்கிறது. லைனில் குறை தேட வேண்டாம், கரண்டைப் பாருங்கள். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் சட்டென்று இறங்கும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கிக்கொள்ளும், உள்ளே கெப்பாசிட்டர் உப்பிய பழைய அடாப்டர் தாங்காது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியிலும் இதே கதைதான். இப்படிப்பட்ட அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். சுமை ஏறும்போதுதான் சரியும். அதனால் அளந்து ஏமாறுவதைவிட மாற்றிப் போட்டுப் பார்ப்பதே மேல். வோல்ட் அச்சாக அதே அளவு, ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல், முனையின் பருமனும் பிளஸ் மைனஸ் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் போட்டால் மோட்டார், இன்வெர்ட்டர் இரண்டு தொல்லையும் போகும். மொத்தத்தில், அடாப்டர் கோளாறுக்காக மோடத்தையே மாற்றச் சொல்லிப் பணம் பறிப்பது இந்த இடத்தில்தான்.

சிஸ்டம் அப்டைம் பத்து நாள், வான் அப்டைம் ஐந்து நிமிடம் என்றிருந்தால், மோடம் விழித்தேதான் இருந்தது, அறுந்தது மோடத்துக்கு வெளியே. ஆர்எக்ஸ் பவரைப் பாருங்கள். இந்த எண் எப்போதும் மைனஸில்தான் வரும், அலகு டிபிஎம். சாதாரண ஜிபான் (வீட்டு ஃபைபர்) மோடம் −8 முதல் −27 வரை வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. −15 முதல் −24 வரை நிம்மதி. −25-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். −27-ல் மத்தியான வெயிலுக்கும் காற்றுக்கும் லைன் போய்ப் போய் வரும். ஒவ்வொரு 3 டெசிபல் இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது என்பதை நினைவில் வையுங்கள்: −20-க்கும் −26-க்கும் வித்தியாசம் ஆறு இல்லை, நான்கில் ஒரு பங்கு ஒளி. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுகட்டாதீர்கள். காலை, மத்தியானம், இரவு, மழை பெய்யும்போது ஒருமுறை என்று குறித்து வையுங்கள். நிலையாக −23 காட்டும் லைனைவிட −19-க்கும் −24-க்கும் ஊசலாடும் லைன்தான் மோசம். எங்கோ ஒரு ஜாயின்ட் ஆடுகிறது என்று அர்த்தம்.

எங்கே என்று தேட முதலில் வீட்டுக்குள் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் மடங்கிய ஃபைபர், ஜன்னல் கதவு நசுக்கும் இடம், இறுக்கிக் கட்டிய கேபிள் டை, மொத்தமாகச் சுருட்டி மோடத்துக்குப் பின்னால் திணித்த மிச்ச வயர். காப்பி டம்ளரின் வாயைவிடச் சிறிய வளையமாகச் சுருட்டாதீர்கள். கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முனை சாய்வில்லாதது. பச்சையை நீலத்துக்கான துளையில் செருகினால் நுழையும், வேலையும் செய்வதுபோல் தெரியும், ஆனால் முனைகளுக்கிடையே இடைவெளி விழுந்து பல டெசிபல் வீணாகும். அவசரத்தில் கையிலிருந்த பேட்ச் கார்டு என்ற குட்டி ஃபைபர் வயரைப் போட்டுவிட்டுப் போவதால் வருவது இது. வீட்டுக்கு வெளியே கம்பத்துப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர், மரக்கிளை உரசல், அணில் கடி. கழற்றிய ஃபைபரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

‘முழு வயரையும் மாத்தணும், மீட்டருக்கு இவ்வளவு’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் கெட்டது முனையில் கையாலேயே மாட்டிய ஃபாஸ்ட் கனெக்டர்தான். அதை வெட்டிவிட்டு, மெஷினில் ஸ்ப்ளைஸ் செய்து (உருக்கி ஒட்டி) தரச் சொல்லுங்கள். ஒழுங்கான ஸ்ப்ளைஸில் இழப்பு 0.1 டெசிபலைத் தாண்டாது. வயர் உண்மையிலேயே மாற வேண்டுமென்றால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளின் உறைமேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் படம் எடுத்துக் கழித்தால் நீளம் வந்துவிடும். 40 மீட்டர் இழுத்துவிட்டு 80-க்குக் காசு கேட்கும் வித்தை இங்கே செல்லாது.

இரண்டு அப்டைமும் பத்து நாள் காட்டுகின்றன, ஆர்எக்ஸ் பவரும் −20, ஆனாலும் நெட் நிற்கிறதா? அப்படியானால் கோளாறு வீட்டுக்குள் அல்லது நிறுவனத்தின் உள்வழியில். பங்கிட்ட வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒன்று. வைஃபை எட்டவில்லை என்று மேல் போர்ஷன்காரர் ஒரு பழைய ரவுட்டரை எடுத்து, கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகியிருப்பார். இப்போது வீட்டில் ஐபி முகவரி கொடுக்க இரண்டு பேர். ஒரு மொபைல் முகவரி கேட்கும்போது யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுத்ததே அதற்குச் சட்டம். கீழுள்ள மோடம் கொடுத்தால் நெட் வரும். மேலுள்ள ரவுட்டர் கொடுத்தால் வைஃபை குறி முழுசாக இருக்கும், நெட் இருக்காது. ஒருவருக்கு வரும், பக்கத்திலிருப்பவருக்கு வராது. வைஃபையை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகும். லைன்மேன் எத்தனை தடவை வந்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் அவர் மோடத்தின் அருகில் நின்றபடி ஸ்பீட் டெஸ்ட் எடுக்கிறார்.

கண்டுபிடிப்பது எளிது. நெட் நின்ற மொபைலில் வைஃபை விவரத்தைத் திறந்து கேட்வே (நெட்டுக்குப் போகும் வாசல்) எண்ணைப் பாருங்கள். மோடம் 192.168.1.1 ஆக இருக்க, அங்கே 192.168.0.1 என்று இருந்தால் பிடிபட்டது. இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்தால் இன்னும் மோசம், எல்லோருக்கும் மாறி மாறி நிற்கும். அப்போது, நின்ற நேரத்தில் பிரவுசரில் 192.168.1.1 அடித்துப் பாருங்கள். வேறு கம்பெனி ரவுட்டரின் பக்கம் திறக்கும். தீர்வுக்குக் காசு தேவையில்லை. மேல் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையான டிஎச்சிபியை அணைத்து, கேபிளை லேனிலேயே விடலாம். வெவ்வேறு குடும்பங்கள் என்றால் அதைவிட நல்ல வழி, கேபிளை வான் (வெளி இணைப்புக்கான) துளைக்கு மாற்றி, லேன் முகவரியை 192.168.5.1 என்று வைப்பது. மேலே இருக்கும் கருவிகளுக்குள் கீழிருந்து யாரும் நுழைய முடியாது. இன்னொரு குளறுபடி: ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில் (கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) செருகிவிடுவது. அதன் விளக்குகளெல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னினால் அதுதான்.

அடுத்தது அப்லோடு. கீழே நான்கு சிசிடிவி கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் வீதம் கிளவுடுக்கு அனுப்பினால் 8 மெகாபிட் எந்நேரமும் போய்க்கொண்டிருக்கும். அதன் மேல் ஒருவர் மொபைல் படங்களை பேக்கப் போட்டால், அப்லோடு குறைவான பிளானில் வரிசை நிரம்பும், 10 மில்லிசெகண்ட் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) 800 ஆகும். நெட் அறவில்லை, ஆனால் மற்ற போர்ஷனில் வீடியோ கால் அறும். ரவுட்டரில் வேகத்தைப் பங்கிடும் க்யூஓஎஸ் பக்கத்தில் அப்லோடு உச்சத்தைப் பிளான் வேகத்தில் 85–90 விழுக்காடாகக் கட்டினால் பெருமளவு தீரும்.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், ‘ஆட்டோ’ வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை வையுங்கள்.

எந்தப் பக்கம் குறை என்று அடித்துச் சொல்ல, லேப்டாப்பை மோடத்தின் லேன் துளையில் கேபிளால் இணைத்து திரையில் மூன்று கமாண்ட் ஜன்னல்களில் தொடர் பிங் ஓடவிடுங்கள்: மோடத்துக்கு ஒன்று, ட்ரேஸ்ரூட்டில் (வழியிலுள்ள முகவரிகளைக் காட்டும் கட்டளை) மோடத்துக்கு அடுத்து வரும் நிறுவனத்தின் முகவரிக்கு ஒன்று, கூகுளின் 8.8.8.8-க்கு ஒன்று. முதல் ஜன்னலே தவறினால் கேபிள் அல்லது மோடம். முதலாவது ஓடி மற்ற இரண்டும் தவறினால் லைன், நிறுவனம். மூன்றும் ஓடும்போதே மொபைலில் மட்டும் நின்றால் வைஃபை அல்லது மேலே சொன்ன இரண்டாவது ரவுட்டர். இரவு 8 முதல் 11 வரை மட்டும் இரண்டாவது ஜன்னலில் எண்கள் ஏறினால், ஏரியாவில் ஆளைச் சேர்த்த அளவுக்கு மேல்வழியை அவர்கள் பெருக்கவில்லை. அதற்குப் பிளானை உயர்த்துவது அவர்களுக்குத்தான் லாபம்.

வந்தவரிடம் கறாராக இருக்க வேண்டியவை சில. ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் 1490 நானோமீட்டர் (வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம்) வைத்து, கம்பத்தில் இல்லை, உங்கள் வீட்டு முனையில் அளக்கச் சொல்லுங்கள். எண்ணை எழுதி வாங்குங்கள். மோடத்தை மாற்றினால் பழையதன் சீரியல் எண்ணையும் புதியதன் எண்ணையும் படம் எடுத்து, பழையதைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கும் நெட்டை அரை நிமிட ஸ்பீட் டெஸ்ட் காட்டிக்கொடுக்காது. 24 மணி நேரமாவது பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ‘சொன்னாத்தான் அடுத்த வேலைக்குப் போக முடியும் சார்’ என்று கெஞ்சுவார். பாவம்தான், ஆனால் அந்த ஆறு இலக்கம் போனால் உங்கள் புகார் தீர்ந்ததாகக் கணக்கு.

புகார் கொடுக்கும்போது டாக்கெட் எண்ணை (புகார் எண்) விடாமல் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஆம் ஆண்டு குறைதீர் விதிகளின்படி, திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எல்லாமே இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் போக வேண்டும். வேறு குடும்பத்துக்குப் பங்கிடுவதைப் பல நிறுவனங்களின் ஒப்பந்தம் ஏற்பதில்லை என்பதால், குடித்தனக்காரர்களின் பெயரைப் புகாரில் இழுக்காமல் இருப்பது நல்லது.

புகாரை இப்படி எழுதுங்கள்: “தேதி, நேரம் குறிப்பிட்டு ஆறு முறை இணைப்பு அறுந்தது. ஒவ்வொரு முறையும் சிஸ்டம் அப்டைம் தொடர்ந்து ஓடுகிறது, வான் அப்டைம் மட்டும் சுழியத்துக்குப் போகிறது. ஆர்எக்ஸ் பவர் காலையில் −21.3, மத்தியானம் −26.8. கம்பத்துப் பெட்டியிலிருந்து வீடு வரையுள்ள ஜாயின்ட்டுகளைச் சோதித்து, சரிசெய்தபின் வீட்டு முனையில் அளந்த எண்ணைத் தரவும். பிளான் மாற்றமும் ரவுட்டர் மாற்றமும் தேவையில்லை.”