தேக்கடி டைகர் டிரெயில்: பட்டை உரித்தவர்களே காவலர்கள்

கம்பம் பக்கமிருந்து குமுளி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் படகுக்கு வரிசையில் நின்று, ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் காசுக்குத் தகுந்த சேவை 'டைகர் டிரெயில்'தான். காட்டுக்குள் ஓரிரவோ ஈரிரவோ கூடாரத்தில் தங்கி நடக்க வேண்டும். ஐந்து பேர் போனால் ஐந்து வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் கூடவே வருவார்கள்.

இந்த வழிகாட்டிக் குழு, ஒருகாலத்தில் இதே காட்டில் வயணா மரப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களைக் கொண்டு உருவானது. வயணா என்பது காட்டு இலவங்கப்பட்டை மரம். மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்தால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்காது, மரம் பட்டுப்போகும். 1990களின் இறுதியில், உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், அவர்களைக் குழுவாக்கி இந்தத் தொழிலைக் கையில் கொடுத்தார்கள். திருடர் நுழையும் வழி எது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? நம்மைக் கூட்டிப்போவதே ஒரு ரோந்தாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுதான். காட்டோர ஊர்ப் பெண்களின் 'வசந்த சேனை' கூலி வாங்காமலே ரோந்து போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழிலேயே கேள்வி கேட்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. யானைச் சாணத்தின் ஈரத்தை வைத்து அது எப்போது போனது என்று சொல்லச் சொல்லுங்கள். காட்டுமாடு, மிளா, மலையணில் ஆகியவற்றைப் பார்க்க நல்ல வாய்ப்புண்டு. புலியைக் கண்டே தீருவேன் என்று போனால் ஏமாற்றம்தான்.

குறைகளும் உண்டு. குழு சிறியது என்பதால் இடம் கிடைப்பது கடினம். விடுமுறை நாளென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் அட்டை மொய்க்கும். அட்டை சாக்ஸைக் காற்சட்டைக்கு மேலே முழங்கால்வரை இழுத்துக் கட்டுங்கள். கடித்தால் பிடுங்காமல், வாய்ப்பக்கம் நகத்தால் ஒதுக்கித் தள்ளுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் சற்று நேரம் கசியும், பயம் வேண்டாம். வெள்ளை, சிவப்பு உடையும் வாசனைத் திரவியமும் கூடாது.

தெற்கே அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்ந்தது. அங்கே ஊர்க்குழு அமைப்பவர்கள் தேக்கடிக்கு வந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: காவல் காக்கிற அதே கைக்குத்தான் இங்கே வருமானமும் போகிறது.