அம்மாவோடு தரங்கம்பாடியில் ஒரு நாள்

மெல்போர்னிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை மயிலாடுதுறைக்கு வருகிறேன். வந்தால் கல்யாண வீடு, கோயில், வங்கி வேலை என்று நாள் ஓடிவிடும். இந்தத் தை மாதம் அம்மாவே வாய்விட்டுக் கேட்டாள். "தரங்கம்பாடிக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போயேன். கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு." சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிற கடல். அம்மா அதைப் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு வயது 74. இரண்டு முட்டியிலும் தேய்மானம். அதனால் கார் சொல்லி வைத்திருந்தேன். முன்பணம் வாங்கிக்கொண்டவர்கள் காலை ஏழு மணிக்கு "வண்டி வேற சவாரிக்குப் போயிடுச்சுங்க" என்றார்கள். எனக்கு ஆத்திரம். அம்மாவோ அதற்குள் புடவை மாற்றித் தயாராக நின்றாள். சரி, பேருந்திலேயே போவோம் என்று கிளம்பிவிட்டோம்.

அந்த அரசுப் பேருந்தின் நடத்துநரை மறக்க மாட்டேன். முதல் படி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருக்கும். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாமல் நின்றபோது அவர் இறங்கி வந்து, "வலது காலை முதல்ல வைங்கம்மா, அவசரமே இல்ல" என்று கைகொடுத்தார். முன்பக்க இருக்கையிலிருந்த பையனை எழுப்பி அம்மாவை உட்கார வைத்த பிறகுதான் விசில் கொடுத்தார்.

வழியெல்லாம் அம்மா பழைய ரயிலைப் பற்றியே பேசினாள். மாயவரத்தில் ஏறினால் மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, அப்புறம் தரங்கம்பாடி. தாத்தாவோடு சின்ன வயதில் அதில் போயிருக்கிறாள். 1926-ல் வந்த அந்த மீட்டர் கேஜ் பாதை 1986-ல் நின்றுபோனது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பேருந்து கொஞ்ச நேரம் நகரவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "வேண்டாம்டா" என்றாள். தாகம் இல்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

பொறையாறில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தரங்கம்பாடிக்குள் நுழையும்போது 1792-ல் கட்டிய வெள்ளை நிற நகர வாசல். அதைத் தாண்டி ராஜ வீதி. தூண் வைத்த திண்ணைகள், உயரமான கதவுகள், வீதி முடிகிற இடத்தில் கடல். சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு இங்கே பல வீடுகளைப் பழைய முறையிலேயே சுண்ணாம்புச் சாந்து பூசிச் சீர்செய்திருக்கிறது. பழைய ஊரை இடிக்காமல் காப்பாற்ற முடியும் என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

முதலில் கடற்கரை. உட்கார நிழலான இடம் தேடினேன். டீக்கடை அக்கா ஒருவர் கேட்காமலேயே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மணலில் அழுத்தி ஆட்டிப் பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். இரண்டு டீக்கு என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. கைபேசியில் ஜிபேயும் கிடையாது. "போறப்ப குடுங்க" என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் கைபேசியிலேயே பணம் கொடுக்கிறார்கள், கல்லாவில் சில்லறை இருப்பதில்லை.

அம்மா டீயை இரண்டு மிடறு மட்டும் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டேன்ஸ்போர்க் கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக் கிளம்புங்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை இது. நாயக்கர் அந்த நாட்டு அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது, எழுத்து தமிழ், கையெழுத்து மட்டும் தெலுங்கு என்று சொன்னேன். "தமிழ்லயா எழுதினார்?" என்று இரண்டு முறை கேட்டாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

புதிய எருசலேம் ஆலயத்துக்கும் போனோம். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718-ல் கட்டி முடித்த கோயில். மறு வருடமே, 36 வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானவர். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சில் கொண்டுவந்தவர். அச்சடிக்கக் காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே போட்டார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பேர் என்றேன். "அட! அந்தப் பேரு எனக்குத் தெரியுமே. ஏன் அப்படின்னு ஒருநாளும் கேட்டதில்ல" என்றாள் அம்மா.

பதினொன்றரைக்கு வெயில் ஏறியது. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடக்கும்போது அம்மா சட்டென்று நின்றாள். உதடு வறண்டிருந்தது. பாட்டில் என் பையில் அப்படியே நிறைந்து கிடந்தது. அப்போதுதான் சொன்னாள். "தண்ணி குடிச்சா எங்கடா போறது? காலையிலேர்ந்து அதான் குடிக்கல."

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வழியில் ஓரிடத்தில் கழிவறை என்று பலகை பார்த்திருந்தேன். திரும்பிப் போனால் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு இடத்தில் திறந்திருந்தது, ஆனால் தரையோடு பதித்த பீங்கான், பிடித்து எழுந்திருக்கக் கம்பி இல்லை. முட்டி மடங்காதவர் அங்கே உட்காரவே முடியாது. நானூறு வருடச் சுவரை இத்தனை அக்கறையோடு பூசியிருக்கிறார்கள். அதைப் பார்க்க வருகிற வயதான பெண்மணிக்கு, சாவியோடு ஒரு ஆளும் சுவரில் ஒரு கம்பியும் உள்ள கழிவறை வேண்டும். இதை நான் கோபமாகவேதான் சொல்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் இப்படித் தாகத்தை அடக்கிக்கொண்டு நம்மோடு வருகிறார்களோ.

வாசலில் கோலப்பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து, "என்ன தேடுறீங்க?" என்றார். தயங்கிச் சொன்னேன். அம்மா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். மேற்கத்திய பீங்கான், அவர் மாமியாருக்காகப் போட்டதாம். வெளியே வந்ததும் ஒரு செம்பு நீர்மோர், பெருங்காய வாசனையோடு. அம்மா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். எங்கள் பேரைக்கூட அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு கோயிலில் அம்மா நிதானமாக நின்றாள். பாண்டியர் காலத்தில் 1306-ல் எழுந்தது. கடல் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. கொட்டியிருக்கிற பாறாங்கற்களில் அலை மோதிச் சிதறியது. டீக்கடை அக்காவிடம் காசைக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறினோம்.

திரும்பும் பேருந்தில் அம்மா பாட்டிலை அவளே கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆக்கூர் தாண்டியதும் சொன்னாள். "அடுத்த தடவை உங்க அத்தையையும் கூட்டிட்டு வரணும். அவளுக்கும் முட்டி வலிதான். அந்த வீட்டம்மா எந்தக் கிழமை வீட்ல இருப்பாங்கன்னு கேட்டு வச்சிருக்கலாம்டா."