காசு வந்தது, அதன் ஊர் வரவில்லை: இணைய ஏலத்தில் 11 ஆண்டுகள்

2014 பொங்கல் விடுமுறையில்தான் முதன்முதலாக இணையத்தில் ஏலம் கேட்டேன். ராஜராஜ சோழனின் செப்புக்காசுகள் மூன்று, ஒரே லாட்டாக, அதாவது ஒரே எண்ணில் சேர்த்து ஏலம் விடுவதாக வந்திருந்தன. தொடக்க விலை 600 ரூபாய். 1,100 ரூபாய்க்கு எனக்கே முடிந்தது. அன்று தொடங்கி இன்றுவரை இந்தியாவிலும் வெளிநாட்டிலுமாக ஐந்தாறு ஏல நிறுவனங்களில் வாங்கியிருக்கிறேன். சேகரிப்பில் புதிதாக இறங்கும் நண்பர்கள் அடிக்கடி வழி கேட்பதால், இத்தனை ஆண்டுகளில் எனக்கு எது உதவியது, எது வலித்தது என்பதை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

முதலில், நான் எதைச் சேர்க்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். ராஜராஜனின் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் அவன் பெயர். சோழர் ஆட்சி இலங்கையை விட்டு அகன்ற பிறகும் அங்கே ஆண்டவர்கள் இதே உருவங்களை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிக் காசு அடித்தார்கள். பராக்கிரமபாகு, சாகசமல்லன், மூன்று முறை அரியணை ஏறிய அரசி லீலாவதி என்று இந்த வரிசை நீளும். வெற்றி கொண்டவன் போய்விட்டான், அவனுடைய காசின் முகம் மட்டும் தங்கிவிட்டது. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புழங்கிய இந்தக் காசுகளை ஒரே தட்டில் வரிசையாக வைத்துப் பார்ப்பது தீராத ஆசை. உள்ளூர்க் கடைகளில் லீலாவதி கிடைக்க மாட்டாள். இணைய ஏலம் இல்லையென்றால் என் தட்டு பாதிக்கு மேல் காலியாகவே இருந்திருக்கும். இந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் குறைகளுக்குப் போக வேண்டும்.

நடைமுறை எளிது. ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பே பட்டியல் வந்துவிடும். பதிவு செய்துகொண்டு, ஒரு லாட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று முன்கூட்டியே போட்டு வைக்கலாம். வேறு யாராவது கேட்கக் கேட்க உங்கள் சார்பில் கணினியே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். அல்லது ஏல நாளில் திரைமுன் உட்கார்ந்து நேரடியாகக் கேட்கலாம். நான் முதல் மூன்று ஆண்டுகள் முன்கூட்டியே போட்டு வைத்தேன். ஒரு நிறுவனத்தில் நான் 6,000 என்று போட்டால் 5,800, 5,900 என்றே திரும்பத் திரும்ப முடிந்தது. அங்கே விற்றதாகக் காட்டிய ஒரு காசு இரண்டு மாதம் கழித்து வேறு எண்ணோடு மறுபடி பட்டியலில் வந்தது. என் உச்ச விலையைப் பார்த்துக்கொண்டே அவர்களே ஏற்றுகிறார்களோ என்று சந்தேகம் வந்தது. என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த நிறுவனத்திலும் நேரடியாக மட்டுமே கேட்கிறேன். என் உச்ச விலை ஒரு துண்டுத்தாளில் எழுதப்பட்டு என் மேசைமேல் இருக்கும், அவர்கள் கணினியில் இருக்காது.

செலவுக் கணக்கில் புதியவர்கள் தவறாமல் இடறுகிறார்கள். ஏலத்தில் 4,000 ரூபாய்க்கு முடிந்த காசு கைக்கு வரும்போது 4,000 ஆக இருப்பதில்லை. வாங்குபவரிடம் நிறுவனம் வசூலிக்கும் தரகு, வரி, கூரியர், காப்பீடு எல்லாம் சேர்ந்து அந்தக் காசு எனக்கு 5,400 ரூபாய் ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தால் இதன் மேல் சுங்கவரியும் ஏறும். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு லீலாவதிக்குக் காசின் விலையைவிட வழிச்செலவு கூடுதலாக இருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் நான்கு சாதாரணக் காசுகளை அப்படி வரவழைத்தால் வருந்தத்தான் வேண்டும். எளிதில் கிடைக்கும் காசை நாணயக் கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. இணைய ஏலத்தை அரியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம்தான் இங்கே கண். இரு பக்கமும், எடையும், விட்டமும் இல்லாத லாட்டை நான் தொடுவதில்லை. விளிம்பின் படம் கேட்டால் அனுப்புகிற நிறுவனமா என்பதும் முக்கியம். அச்சில் வைத்து அடித்த காசுக்கும், அச்சுவார்ப்பில் ஊற்றிய போலிக்கும் விளிம்பில்தான் வித்தியாசம் தெரியும்: வார்ப்பில் மெல்லிய ஒரு கோடு சுற்றி ஓடும், அல்லது அதை அரம் போட்டு ராவிய தடம் இருக்கும். ‘அரிது’, ‘மிக அரிது’, ‘அரிதினும் அரிது’ என்று பட்டியலில் போடுவதைப் பொருட்படுத்தாதீர்கள். காயின் ஆர்க்கைவ்ஸ் போன்ற காப்பகங்களில் பழைய ஏல முடிவுகள் படத்தோடு கிடக்கின்றன. கீழை நாட்டு நாணயங்களுக்கு ஜீனோ தளம் இருக்கிறது. அரை மணி நேரம் தேடினால் அரிதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அந்தத் தேடல் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. சங்க காலச் சேரரின், ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசு ஒன்று ஏலத்துக்கு வந்தது. தலை உருவம், மேலே தமிழ் பிராமி எழுத்து. என் சக்திக்கு மீறிய விலைதான். இருந்தாலும் சீட்டுப்பணத்தை எடுத்துவிடலாம் என்று இரண்டு நாள் தூக்கமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பழைய ஏலங்களில் வந்த மாக்கோதைகளை எடுத்துத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காதுக்குக் கீழே மிளகளவுகூட இல்லாத ஒரு பள்ளம். நான்கு ஆண்டுகளுக்கு முன் விற்ற வேறொரு காசிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே பள்ளம். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளுக்கு முகம் ஒன்றாக இருக்கலாம். மண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டு கிடந்து பட்ட காயம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டு படங்களையும் அனுப்பி நிறுவனத்துக்கு எழுதினேன். மறுநாள் லாட்டை எடுத்துவிட்டார்கள். நன்றி என்று ஒரு வரி வந்தது. அந்த நிறுவனத்தின் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

போலி மட்டும்தான் ஏமாற்று என்றில்லை, உண்மையான காசுக்குப் பொய்யான ஊர் சொல்வதும் ஏமாற்றுதான். ‘கரூரில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகள், 20’ என்று ஒருமுறை ஒரு லாட் வந்தது. கரூரிலும் மதுரையிலும் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் சிறுகாசுகள் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்தவை எல்லாம் புழங்கித் தேய்ந்து வழவழப்பாகி, தலை உருவம் வெறும் நிழலாகத் தெரிபவை. இந்த லாட்டில் இருந்தவற்றிலோ எழுத்துகள் கூர்மையாக நின்றன. பள்ளங்களில் வெளிர்மஞ்சள் மணல் கெட்டியாக ஒட்டியிருந்தது. அது மேற்காசியப் பாலைநிலத்துக் காசுகளில் பார்க்கிற மணல். அங்கே கைப்பிடி கணக்கில் மலிவாக விற்கும் சரக்கை வாங்கி, கரூர் என்று பெயர் சூட்டினால் விலை பல மடங்காகிறது. பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். இந்த லாட்டை நம்பி யாராவது கட்டுரை எழுதினால் கரூரின் வணிக வரலாற்றிலேயே பொய் நுழைந்துவிடும்.

இந்த 11 ஆண்டுகளில் என் மனம் மாறியது இந்த ஒரு விஷயத்தில்தான். தொடக்கத்தில் தெளிவான எழுத்து, குறையாத விளிம்பு என்று அழகைத் தேடினேன். இப்போது முதலில் கேட்பது, இது எங்கே கிடைத்தது, யார் யாரிடம் இருந்தது என்பதை. இதற்குக் காரணமான லாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

மறைந்த ஒரு சேகரிப்பாளரின் காசுகள் 2018இல் ஏலத்துக்கு வந்தன. அதில் 14 செப்புக்காசுகள் கொண்ட ஒரு லாட். பட்டியல் படத்தில் ஒவ்வொரு காசும் ஒரு சிறிய காகித உறையின் மேல் வைக்கப்பட்டிருந்தது. உறைகளில் மையூற்றுப் பேனாவால் எழுதிய தமிழ்க் கையெழுத்து. போட்டி கடுமையாக இருந்தது. 9,500 ரூபாய்க்கு எடுத்தேன். பார்சல் வந்தது. பிரித்தால், 14 புத்தம் புது பிளாஸ்டிக் உறைகளில் 14 காசுகள். பழைய உறை ஒன்றுகூட இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, “பழைய கவர் எல்லாம் கிழிந்திருந்தது சார், நல்ல கவரில் மாற்றித்தான் அனுப்பினோம்” என்று பெருமையோடு பதில் சொன்னார்கள். குப்பையில் போட்டது முந்தைய வாரம். காசு வந்தது, அதன் ஊர் வரவில்லை.

பட்டியல் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்தேன். காசு மறைத்ததுபோக மிச்சம் தெரிந்த எழுத்துகளிலிருந்து ஒன்பது உறைகளைத் தேற்றினேன். ஒன்றில் ‘கும்பகோணம் பாத்திரக்கடை, 1961, எடைக்கு’ என்று இருந்தது. பழைய செம்பாக உருக்கப் போன காசை ஒரு மனிதர் தராசுத் தட்டிலிருந்து எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதை எழுதியும் வைத்திருக்கிறார். இன்னொன்றில் ‘அமராவதி ஆறு’ என்ற இரண்டு சொற்கள் மட்டும். மீதி ஐந்து போனது போனதுதான்.

இது என் தனிப்பட்ட ஆதங்கம் இல்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு வெளியிட்டார். சங்க கால மன்னர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பது அப்படித்தான் துலங்கியது. அவ்வளவு சிறிய, தேய்ந்த ஒரு செப்புத்துண்டுக்கு அவ்வளவு பேச முடியும். ஆனால் அது எந்த ஊர் மண்ணில் கிடந்தது என்று தெரிந்தால்தான் முழுதாகப் பேசும்.

காகிதம் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. சீசரைக் கொன்றதைக் கொண்டாடி கி.மு. 42இல் புரூட்டஸ் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள்களும் நடுவே ஒரு தொப்பியும் இருக்கும். அதன் தங்கக்காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. அதற்குக் காட்டிய முந்தைய உரிமையாளர் விவரம் பொய் என்று தெரியவந்து, 2023இல் நியூயார்க் அதிகாரிகள் அதைக் கிரேக்க நாட்டிடமே ஒப்படைத்தார்கள். அத்தனை பெரிய ஏலத்திலேயே அப்படி. அதனால் ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் நான் நகர்ந்துவிடுகிறேன். எந்த ஆண்டு, எந்தப் பட்டியல், எந்த எண் என்று இருந்தால் மட்டும் தேடிப்போய்ச் சரிபார்க்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. அயல்நாட்டு நண்பருக்குப் பரிசாகக்கூட. மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ‘போன வாரம் ஆற்றில் எடுத்தது’ என்று சொல்லி விற்பவர்களிடம் வாங்குவதை நான் நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மலிவாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் நாம் வாங்க வாங்க மணலை இன்னும் ஆழமாகச் சலிப்பார்கள்.

வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பட்டியலும் அதைச் சொல்வதில்லை. நிறுவனங்கள் அனுப்பும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் காசை விட்டுவைக்காதீர்கள். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது என் காசுகள் ஐந்தில் பச்சைநிறப் பிசுக்கு ஏறியிருந்தது. அது அந்த பிளாஸ்டிக்கிலிருந்தே கசிவது. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன். இப்போது எல்லாம் காகித உறைதான், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. செம்பின் மேல் படர்ந்த கெட்டியான களிம்பு காசுக்குக் கவசம், அதைச் சுரண்டாதீர்கள். ஊசிமுனை பட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் வேறு. அது காசை உள்ளிருந்து தின்னும் நோய். எங்கள் ஊர்க் கடற்காற்றில் ஒரு சாகசமல்லன் அப்படியே என் கண்முன் பாதியானான். ஏலப் படத்தில் அந்தப் பொட்டு தெரிந்தது. நான்தான் நிழல் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு வகையைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று செப்புக்குடம்போல ஆக்கிய காசு. பல நூற்றாண்டுகள் ஏறிய நிறத்தை ஒரு மாலைப்பொழுதில் கழுவிவிடுகிறார்கள், ‘மிளிரும் நிலை’ என்று போட்டுக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள். தயவுசெய்து அவற்றுக்கு ஏலம் கேட்காதீர்கள். விலை போகாது என்று தெரிந்தால்தான் நிறுத்துவார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஏலத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ‘சேது’ காசுகள் ஆறு வருகின்றன. ஒரு பக்கம் காளை, கீழே தமிழில் சேது என்ற எழுத்து. இரண்டில் எழுத்து பாதி தேய்ந்துவிட்டது, ஒன்று விளிம்பு உடைந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் நான்கு காகித உறைகள் தெரிகின்றன. 7,000 ரூபாய் வரை கேட்பதாக இருக்கிறேன். உறைகளையும் சேர்த்தே அனுப்புவோம் என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிட்டேன்.