பழைய இம்பல்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்

ஹீரோ இம்பல்ஸ் பைக் உங்களிடம் இருந்து, அதில் புகை வருகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோக நினைத்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். மதுரையில் ஆஃப்ரோடு (கரடுமுரடான பாதையில் ஓடும்) வண்டிகளுக்கென்றே பெயர் வாங்கியிருக்கும் ஒரு பட்டறையில் எனக்கு நடந்தது இது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

என்னுடையது 2012-ஆம் ஆண்டு வண்டி. தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கின்றன. பட்டிவீரன்பட்டியிலிருந்து மேலே ஏறும் தார்ச்சாலையில் எந்த வண்டியும் போய்விடும். தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில்தான் சிக்கல். மழை பெய்த மறுநாள் சாதாரண வண்டி அடிவயிறு தட்டி நின்றுவிடும். இம்பல்ஸ் நிற்காது. நீளமான முன் ஃபோர்க், பின்னால் ஒற்றை ஷாக், 134 கிலோ எடை. சேற்றில் சரிந்தாலும் ஒரே ஆள் தூக்கி நிறுத்தலாம். 2011-ல் வந்த இந்த வண்டியைச் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இன்று அதற்குத் தேடிப்பிடித்து வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நடந்த அத்தனைக்கும் காரணம் இதுதான்.

கடந்த மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை கொத்தாக வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கத் தொடங்கியது. ஆயில் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் கியரில் ஏறிய வளைவுகளுக்கு முதல் கியர் கேட்டது. மதுரைப் பட்டறையில் கேட்டபோது, ஆஃப் இன்ஜின் வேலைதான் (இன்ஜினின் மேல்பாதியை மட்டும் பிரித்துச் செய்வது), 15,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்றார்கள். 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். என்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதித் தரும் ஜாப் கார்டு கேட்டதற்கு, “நம்மிடம் அதெல்லாம் தேவையில்லை அண்ணே” என்று பதில் வந்தது. விடும்போது வண்டியை நான்கு பக்கமும், கார்புரேட்டர், ஷாக், மீட்டர் எல்லாம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன்.

இன்ஜினைப் பிரித்த பிறகு பேச்சு மாறிவிட்டது. கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) போய்விட்டதாம், பிளாக் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்) கீறிவிட்டதாம், இந்த வண்டிக்கு எந்தச் சாமானும் இப்போது கிடைப்பதில்லையாம். செய்தால் 45,000 ஆகும், அதற்கும் உத்தரவாதம் தர முடியாது என்றார் முதலாளி. அதே மூச்சில், “இதற்குச் செலவு செய்வது தண்டம் அண்ணே. ஹீரோவின் புது எக்ஸ்பல்ஸ் பைக் எடுத்துவிடுங்கள், ஷோரூமில் நமக்கு ஆள் இருக்கிறது. இதை இப்படியே நான் 12,000-க்கு எடுத்துக்கொள்கிறேன்” என்றார். முழு வண்டியாக நின்றால் நாலு இடத்தில் காட்டி விலை கேட்கலாம். இன்ஜின் தட்டிலும் டப்பாவிலுமாகக் கிடக்கும்போது எங்கே கொண்டுபோவது? அலுத்துப்போய்க் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு.

ஆதாரம் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பையில் பிஸ்டன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். பக்கவாட்டில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறல்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஒன்று அதன் பள்ளத்திலேயே இறுகிப்போயிருந்தது. பார்த்த யாரும் இன்ஜின் முடிந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பையைத் திண்டுக்கல்லில் பிளாக்கின் உட்புறத்தைக் கடைந்து போர் செய்யும் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் வெர்னியர் என்ற அளவுகோலை வைத்து விட்டத்தைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். 62 மில்லிமீட்டர். “தம்பி, எந்த வண்டி என்று சொன்னீர்கள்?” என்று கேட்டுவிட்டு, இது அதனுடையது இல்லை என்றார். இம்பல்ஸின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 57.3 மில்லிமீட்டர். தேய்ந்த பிஸ்டன் சிறுக்கத்தான் செய்யும், பெருக்காது. போர் செய்து ஓவர்சைஸ் (அளவு கூடிய) பிஸ்டன் போட்டாலும் கால், அரை, முக்கால் மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றுதான் கூடும். அந்த அளவும் பிஸ்டன் தலையிலேயே பொறித்திருக்கும். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் என் பிளாக்கின் வாயில்கூட நுழையாது. வேறு யாருடைய வண்டியிலோ கழற்றியதை என்னிடம் காட்டியிருக்கிறார்கள்.

சாமான் கிடைக்காது என்பதும் பொய். இம்பல்ஸில் இருப்பது ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் வண்டிகளில் வந்த அதே குடும்பத்து 149 சிசி இன்ஜின். அந்த வண்டிகள் இன்றும் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. கிடைக்க அலைய வேண்டியது இம்பல்ஸுக்கென்றே செய்த ஃபோர்க், டேங்கை ஒட்டிய பிளாஸ்டிக் மாதிரியான சாமான்களுக்குத்தான்.

உறவினர் ஒருவரையும் ஒரு குட்டியானை லாரியையும் கூட்டிக்கொண்டு மதுரைப் பட்டறைக்குப் போனேன். பையை மேசையில் வைத்து அளவைச் சொன்னதும், பையன் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டான் என்றார் முதலாளி. வண்டியை ஏற்றுவதற்கு முன்பு கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிக்கூட்டில்) பொறித்திருக்கும் இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தயவுசெய்து இதை யாரும் விட்டுவிடாதீர்கள். கிராங்க்கேஸ் மாறிப்போனால் வண்டியை விற்கவும் முடியாது, எஃப்.சி.யும் (தகுதிச் சான்றும்) ஆகாது, திருட்டு வண்டியா என்ற கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எண் சரியாக இருந்தது. கார்புரேட்டர்தான் என்னுடையது இல்லை. படத்தைக் காட்டியதும் உள்ளே போய் எடுத்து வந்தார்கள். அந்த வாசலிலேயே வேறொரு இம்பல்ஸ் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. விலை கேட்டேன், 60,000 என்றான் வேலைப் பையன். அது யாரிடம் என்ன கதை சொல்லி வாங்கிய வண்டியோ என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது.

வண்டியைத் திண்டுக்கல்லில் வேறொரு மெக்கானிக்கிடம் இறக்கினேன். அவர் முதலில் கிராங்க்கைத்தான் பார்த்தார். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கான்ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும், அது இருக்க வேண்டியதுதான். மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்கும்போது ஆட்டமோ ‘டொக்’ என்ற சத்தமோ வந்தால்தான் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். என் கையில் கொடுத்தே பார்க்கச் சொன்னார். துளி ஆட்டம் இல்லை. பிளாக்கை லேத்தில் போர் கேஜ் விட்டு அளந்தார்கள். தேய்மானம் வரம்புக்குள்தான் இருந்தது. வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்கள் கல்லாக இறுகியிருந்தன, ரிங் தளர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தவுடன் வந்து அடங்கும் புகை வால்வு சீலைக் காட்டும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது தொடரும் புகை ரிங்கைக் காட்டும் என்று விளக்கினார். பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்திருக்கலாம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வுப் பக்கம். எந்த நல்ல மெக்கானிக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். ரிங், சீல், வால்வு உட்காரவைப்பது, டைமிங் செயின், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாயில் வேலை முடிந்தது. வண்டி இப்போது இரண்டாம் கியரில் ஏறுகிறது.

புது வண்டியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சேஸிஸில் விரிசல், முன் ஃபோர்க் வளைந்துபோனது, கிராங்க், பிளாக் இரண்டும் ஒன்றாகப் போனது என்றால் நானும் விட்டிருப்பேன். ஆர்.சி. கணக்கும் இருக்கிறது. பதிவு செய்து 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். என் வண்டிக்கு அது 2027-ல் வருகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும், 20 கிலோவுக்கு மேல் எடை கூடிய புது வண்டியைவிட எங்கள் பாதைக்கு இதுவே சரி என்று முடிவு செய்தேன். என் கோபமெல்லாம், அந்த முடிவை எடுக்கவிடாமல் பொய்ச் சாமானைக் காட்டி என்னை நெட்டித்தள்ளப் பார்த்தார்கள் என்பதுதான்.

அட்வான்ஸில் இன்னும் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. மதுரைப் பக்கம் இதே கதையைக் கேட்டு வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருந்தால், பட்டறையிலிருந்து வந்த படங்களையும் நீங்கள் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.