ஒரே சமன்பாடு, இரண்டு மனங்கள்: சலாமும் வெயின்பெர்க்கும்

இறைநம்பிக்கையும் அறிவியலும் ஒத்துப்போகுமா என்று யார் கேட்டாலும் எனக்கு 1979-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் மேடைதான் நினைவுக்கு வரும். மின்காந்த விசையும், அணுக்கருச் சிதைவுக்குக் காரணமான வலுகுறை விசையும் அடிப்படையில் ஒன்றே என்று காட்டியதற்காக ஷெல்டன் கிளாஷோவுடன் இருவர் பரிசைப் பகிர்ந்தார்கள்: அப்துஸ் சலாம், ஸ்டீவன் வெயின்பெர்க்.

சலாம் தொழுகை தவறாத முஸ்லிம். வெள்ளைத் தலைப்பாகையும் முனை வளைந்த காலணியுமாக மேடையேறினார். விருந்துரையில் குர்ஆன் வசனம் ஓதினார். படைப்பில் பிளவு தெரிகிறதா, திரும்பவும் பார் என்று சொல்லும் வசனம் அது. இயற்கையில் ஒழுங்கைத் தேடுவது அவருக்கு வழிபாடு.

வெயின்பெர்க் நாத்திகர். பிரபஞ்சம் புரியப் புரிய, அதற்கு நோக்கம் எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது என்று எழுதியவர். அற்புதங்களை நம்பும் மதத்தோடு அறிவியல் உரசத்தான் செய்யும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்த கோட்பாடு ஒன்றே. அது முன்கணித்த, வலுகுறை விசையைக் கடத்தும் டபிள்யூ, இசட் துகள்கள் 1983-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் கிடைத்தன. கருவி யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. அதனால் ஒரே மனத்தில் இறைநம்பிக்கையும் அறிவியலும் வாழ முடியும் என்றே நான் நம்புகிறேன்.

சலாமை வருத்தியது அறிவியல் அல்ல. பாகிஸ்தானியரான அவர், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா பிரிவினர். 1974-இல் பாகிஸ்தான் அப்பிரிவினரை முஸ்லிம் அல்லாதோர் என்று அறிவித்தது. அந்நாட்டின் ரப்வா நகரில் அவர் கல்லறையில் ‘முதல் முஸ்லிம் நோபல் பரிசாளர்’ என்ற பொறிப்பிலிருந்து ‘முஸ்லிம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அழித்துவிட்டார்கள்.