மவுண்ட் கென்யா அஞ்சு நாள் டிரெக்: தண்டையார்பேட்டைலருந்து போய்ட்டு வந்து எழுதுற ரிவ்யூ

ஆப்பிரிக்கா மலைன்னாலே எல்லாரும் கிளிமஞ்சாரோ போனியான்னுதான் கேக்குறாங்க, நானும் மச்சானும் போனது மவுண்ட் கென்யா நேஷனல் பார்க். அந்த கண்டத்துல ரெண்டாவது ஒசரமான மலை இது. உச்சி பாட்டியன் 5,199 மீட்டர், அது கயிறு கட்டி பாறை ஏறத் தெரிஞ்சவங்களுக்கு, நடந்து போறவங்களுக்கு லெனானா முனை 4,985 மீட்டர். எங்க ஏரியால ஏறணும்னா மேம்பாலம்தான் இருக்கு, அதனால மூணு மாசம் அக்கா வீட்டு ஹவுசிங் போர்டு படில பத்து கிலோ அரிசி மூட்டைய முதுகுல மாட்டிட்டு ஏறி எறங்குனோம். அது நெஜமாவே கைகொடுத்துச்சு.

மலை பக்கத்துல நன்யுக்கி டவுன்ல இருக்குற லோக்கல் குரூப்ப புக் பண்ணோம், ஒரு கைடு, ஒரு சமையல்காரர், மூணு போர்ட்டர். நாங்க கேட்டது நாலு நாள் பேக்கேஜ், காசு கம்மின்னு. கைடு அண்ணன் போன்லயே வேணாம்னுட்டாரு, கடலோரத்துலருந்து வர்றீங்க, ஒசரத்துக்கு ஒடம்பு பழகணும், மேல ஷிப்டன் கேம்ப்ல ஒரு நாள் கூட தங்குங்கன்னாரு. பில்லு ஏத்த சொல்றாருன்னு நெனச்சேன், தப்பு என்னோடது.

பார்க்கோட சிரிமோன் கேட்லருந்து மொத நாள் ஓல்ட் மோசஸ் கேம்ப், 3,300 மீட்டர், ஈஸியான ரோடு. ரெண்டாவது நாள் மெக்கிண்டர் பள்ளத்தாக்கு வழியா ஷிப்டன் கேம்ப், 4,200 மீட்டர், அன்னிக்கு ராத்திரி மச்சானுக்கு மண்டைய பொளக்குற தலைவலி, சோறு எறங்கல, வாந்தி வேற. கைடு காலைலயும் சாயங்காலமும் ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு காட்டுற கிளிப்ப வெரல்ல மாட்டி நோட்டுல எழுதி வெச்சிட்டே இருந்தாரு, நம்பர் கொறஞ்சா ராத்திரியா இருந்தாலும் கீழ எறக்கிடுவேன்னு சொல்லிட்டாரு. அந்த எக்ஸ்ட்ரா நாள் இருந்ததாலதான் ஒடம்பு செட் ஆச்சு, நாலு நாள் பிளான்ல போயிருந்தா மச்சான் அங்கருந்தே திரும்பியிருப்பான்.

அந்த சும்மா இருந்த நாள்லதான் மலையையே நின்னு பாத்தோம். லொபிலியான்னு ஒரு செடி, பெரிய முட்டகோஸ் மாதிரி, நடுவுல தண்ணி தேங்கி நிக்குது, விடியக்காலைல மேல அப்பளம் கனத்துக்கு ஐஸ், வெரலால தூக்குனா அடில தண்ணி அப்படியே இருக்கு, அந்த தண்ணிதான் ராத்திரி குளிர்ல குருத்த கருகாம காப்பாத்துதாம். பாறை மேல ஹைராக்ஸ்னு முயல் சைஸ்ல ஒரு பிராணி ஓடுது, அதுக்கு சொந்தக்காரன் யானைன்னு சொன்னா நம்பவே முடியல.

சாப்பாடு அருமை. உகாலின்னு வெள்ள மக்காச்சோள மாவுல கிண்டுறது நம்ம களியேதான், கூட கீரை, சப்பாத்தி, பால் ஊத்துன டீ. ஊறுகா பாட்டில் எடுத்துட்டுப் போனோம், போர்ட்டர் தம்பிங்களுக்கும் ரொம்ப புடிச்சிடுச்சு.

கொற ஒண்ணுதான், வாடகைக்கு குடுத்த ஸ்லீப்பிங் பேக். ஈரவாடை, ஜிப்பு பாதில நின்னுச்சு, மைனஸ்ல போற குளிர்ல இது சின்ன விஷயம் இல்ல. கைடு தன்னோடத கழட்டி குடுத்துட்டு ரெண்டு ஜாக்கெட் போட்டு படுத்தாரு, எனக்கு மனசே கேக்கல. காசு குடுக்குறதுக்கு முன்னாடி நன்யுக்கிலயே பிரிச்சு, ஜிப்பு இழுத்து பாத்து வாங்குங்க.

லெனானா முனைக்கு ராத்திரி மூணு மணிக்கு கெளம்பணும். பர்மா பஜார்ல வாங்குன ஹெட்லேம்ப் நல்லாதான் எரிஞ்சுச்சு, பேட்டரிய மட்டும் சாக்ஸுக்குள்ள வெச்சு தூங்குங்க, குளிர்ல செத்துடும். கடைசில இரும்புப் படி புடிச்சு ஏறணும், மேல போனதும் மச்சான் அழுதுட்டான், நானும்தான். எறங்குனது சோகோரியா பக்கம், மைக்கேல்சன் ஏரிய மேலருந்து பாக்க அந்த வழிதான் சரி.

எல்லோ ஃபீவர் ஊசிய கெளம்ப பத்து நாள் முன்னாடியே போட்டுருங்க, கார்டு இல்லாம கென்யாலருந்து திரும்புனா இங்க ஏர்போர்ட்லயே புடிச்சு தனியா வெச்சிடுவாங்க. டிப்ஸ மொத்தமா ஒருத்தர்கிட்ட குடுக்காம ஒவ்வொரு போர்ட்டர் கைலயும் நீங்களே குடுங்க, நம்ம மூட்டைய அவ்ளோ தூரம் சொமந்தது அந்த பசங்கதான்.