மீட்டரில் 31,000, உள்ளே 93,000: செகண்ட்ஸ் டூரிங் பைக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் குன்னூர் வந்து இறங்கினேன். வெறுங்கையோடு. பைக்கில் வர முடியாது, அது வண்டிச்சோலையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் டேங்க் ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது. கல்லாறு தாண்டியதிலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு கெட்ட வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையில் உட்கார்ந்துவிட்டேன். பழைய பைக் வாங்குகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி கடைசியில் ஒரு பத்து விஷயமும் சொல்கிறேன்.

போன தொகை 3,85,000 ரூபாய். இதில் இரண்டரை லட்சம் சீட்டு எடுத்த பணம், பழைய பைக்கை விற்றது 60,000, மீதி மச்சானிடம் கைமாற்று. மச்சானுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பைக் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். 650 சிசி, ரெண்டு சிலிண்டர், கூலன்ட் ஓடுகிற இன்ஜின், நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. தப்பு வண்டி செய்தவர்கள் மேல் இல்லை. விற்ற கடையின் பெயரையும் சொல்லவில்லை, வழக்குப் போடப் போவதால் இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூரில் பழைய சூப்பர் பைக்குகளை வாங்கி விற்கிற பளபள கண்ணாடிக் கடை, அந்தக் கடை விளம்பரம் போட்டிருந்தது எல்லோர் போனிலும் இருக்கிற மாதிரியான ஒரு விற்பனை ஆப்பில். அவ்வளவுதான்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியைப் பார்ப்பதற்கு ரெண்டு வாரம் முன்னால் அதே மாடல் ஒன்றை அரவங்காட்டில் பார்த்தேன். கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் வைத்திருந்தார். மீட்டரில் 88,000. விலை 2,60,000. "காலையில ஆறரைக்கே வந்துருங்க தம்பி, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் பார்க்கணும்" என்று அவரே சொல்லி, போனதும் என் கையைப் பிடித்து இன்ஜின் மேல் வைத்து "ஜில்லுன்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தார். ஒரே அழுத்து, புகை இல்லை, சத்தம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வேறு காட்டினார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, செயின் செட் எத்தனை தடவை, போர்க் சீல் எப்போது, வால்வ் கிளியரன்ஸ் பார்த்தது எந்தக் கிலோமீட்டரில், கிளட்ச் பிளேட் 70,000-இல் மாற்றியது என்று எல்லாம் மளிகைக் கணக்கு மாதிரி எழுதி, பில்லையும் ஒட்டி வைத்திருந்தார். "ஓடின வண்டி தம்பி, ஓடலைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் என்ன செய்தேன்? 88,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, யோசித்துச் சொல்கிறேன் அண்ணா என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவு ஓடின வண்டியை வாங்கி நாம் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று நினைத்தேன். அப்புறம் ஆப்பில் 2017 மாடல், 31,000 கிலோமீட்டர், 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை அடையாளத்தோடு இது வந்தது. ஒன்றே கால் லட்சம் அதிகம்தான், ஆனால் 57,000 கிலோமீட்டர் குறைவாச்சே என்று கணக்குப் போட்டேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். வரும் நேரத்தைப் போனில் சொல்லிவிட்டுப் போனேன், அதுவும் தப்பு. வண்டி வாசலில் துடைத்து நிற்கிறது, இன்ஜின் சுடுகிறது. "இப்பத்தான் பெட்ரோல் போட்டுட்டு வந்தாங்ணா" என்றார்கள். ஹேண்டில் கிரிப் புதுசு, சீட் கவர் புதுசு, டயர் ரெண்டும் புதுசு. அட, எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியதே தவிர, 31,000 ஓடின வண்டிக்குக் கிரிப் ஏன் தேய்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கவாட்டு அலுமினியப் பெட்டிகளில் ஸ்டிக்கர்கள் வேறு. லே, தவாங், கட்ச், கன்னியாகுமரி. வாயைப் பிளந்துகொண்டு அதையெல்லாம் போட்டோ எடுத்தேன். இங்கிருந்து லே போய்வந்தாலே 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், தவாங்கும் அதே கதைதான். மிச்ச நாளெல்லாம் வண்டியைப் பூஜை ரூமிலா வைத்திருந்தார்கள்?

என்னைக் கவிழ்த்தது ஒரு இண்டிகேட்டர். கடைக்காரர் நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, பேச்சில் அப்படி ஒரு பணிவு. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே குனிந்து, "பின்னாடி இடது இண்டிகேட்டர் ஒண்ணு சரியா எரியறதில்லீங்ணா. சொல்லாம வித்தா மனசு உறுத்தும். மாத்திக் குடுத்தர்றேன்" என்றார். என் கண் முன்னாலேயே பையனை விட்டு மாற்றவும் செய்தார். அந்த நிமிஷத்தில் மனசு இளகிவிட்டது. நூறு ரூபாய் இண்டிகேட்டரை மறைக்காதவர் மற்றதை மறைப்பாரா என்று நினைத்தேன். டெஸ்ட் ரைடு என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் நேராக ரெண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினேன், வெண்ணெய் மாதிரி போயிற்று. அரசின் பரிவாகன் ஆப்பில் ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் பாக்கி எல்லாம் தட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. ஆனால் அதில் கிலோமீட்டர் காட்டாது என்பது அப்போது உறைக்கவில்லை. அங்கேயே 25,000 அட்வான்ஸ், மறுநாள் மீதி 3,60,000. அதிலும் 60,000 ரொக்கமாக வேண்டும் என்றார், கொடுத்தேன். ரசீதில் 3,25,000 என்றுதான் இருக்கிறது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'வண்டியின் நிலை, ஓடிய தூரம் ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து.

மலையேறி வரும்போது ஒன்றும் தெரியவில்லை. வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். மறுநாள் காலை குளிரில் ஸ்டார்ட் செய்தால் உள்ளே டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சூடானதும் அடங்கியது. புது வண்டி, பழகிவிடும் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு கோத்தகிரி வழியாக நண்பனோடு மேட்டுப்பாளையம் இறங்கினோம், அவன் தன் வண்டியில் பின்னால் வந்தான். பாதி வழியில் ஹாரன் அடித்து நிறுத்தி, "டேய், கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி போறியேடா" என்றான். நீலப் புகை.

ஏன் இறக்கத்தில் மட்டும்? பிற்பாடு மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது. மலை இறங்கும்போது ரெண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடி இன்ஜினைப் பிடித்தே வருகிறோம். அப்போது சிலிண்டருக்குள் இழுப்பு அதிகமாகும். வால்வ் கைடும் சீலும் தேய்ந்த வண்டி என்றால் மேலே இருக்கிற ஆயிலை உள்ளே உறிஞ்சும். வளைவில் திரும்பி மறுபடி முறுக்கியதும் அத்தனையும் எரிந்து நீலமாக வெளியே வரும். சமதளத்தில் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இது வெளியே தெரியாது. 600 கிலோமீட்டருக்குள் முக்கால் லிட்டர் ஆயில் காணோம்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போன் செய்தேன். இனி வருவதைப் படிக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்ட விதத்தை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை: "மலைக் குளிருக்கு அப்படித்தாங்ணா, வெயில் வந்தா சரியாயிரும்." குளிருக்கு வருவது வெள்ளை ஆவி, இது நீலம் என்றேன். ரெண்டாவது தடவை: "ஆயில் மாத்திப் பாருங்க சார், நீங்க வேற கிரேடு ஊத்திருப்பீங்க." நான் ஊற்றவே இல்லை, ஊற்றியது அவர்கள்தான். மூன்றாவது தடவை வேறு யாரோ எடுத்து, ஓனர் திருப்பதி போயிருக்கிறார் திங்கட்கிழமை பேசுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை, "ஹலோ, செகண்ட்ஸ் வண்டிக்கு எவன்யா வாரண்டி தர்றான்? மலையில ஏத்தி இறக்கி அடிச்சா நாங்க என்ன பண்றது?" மூன்றே வாரத்தில் 'அண்ணா' 'எவன்யா' ஆகிவிட்டது.

ஆப்பில் புகார் கொடுத்தேன். நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் தளம் மட்டுமே என்று பதில். அப்படியானால் அந்தப் பச்சை அடையாளம் எதைச் சரிபார்த்தது என்று கேட்டதற்கு, விற்பனையாளரின் போன் நம்பரை என்றார்கள். போன் நம்பரை! அதோடு, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெசேஜ்.

போன வியாழக்கிழமை வண்டிச்சோலை மெக்கானிக் டேங்கைத் தூக்கி ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் பேசாமல் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவில் யாரோ எழுதியிருந்தார்கள்: பில்டர் மாற்றிய தேதி, அதற்குப் பக்கத்தில் 71,400. தேதி ரெண்டு வருஷம் முந்தியது. அப்புறம் மீட்டரைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூக்களின் தலையைக் காட்டினார், நாலும் சுரண்டியிருந்தன. டிஜிட்டல் மீட்டரை மாற்ற முடியாது என்று நான் நினைத்திருந்தேன். அந்த எண் உட்கார்ந்திருப்பது ஒரு சின்ன சிப்பில், லேப்டாப்பைச் சொருகினால் வேண்டிய எண்ணை எழுதிவிடலாமாம். ரெண்டாவது சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்துகிற பலம், முதலாவதைவிட ரொம்பக் குறைவு. ஹெட் வேலை, ரிங், கேம் செயின், கோன் செட் எல்லாம் சேர்த்து 1,10,000 ஆகும் என்றார். 3,85,000-க்கு மேல் 1,10,000.

ஆர்.சி. இன்னும் என் பெயருக்கு மாறவில்லை, அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அதில் இருந்த முகவரியைப் பிடித்துச் சனிக்கிழமை பொள்ளாச்சிக்கே போனேன். பழைய ஓனர் நல்ல மனுஷர், உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அவர் கடைக்கு விற்றபோது மீட்டரில் 93,000-க்குச் சொச்சம், எடுத்த போட்டோ போனிலேயே இருந்தது. அவருக்குக் கிடைத்தது 2,30,000. அவரும் ஸ்டார்ட் சத்தத்தைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு நேற்று கடைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். விபூதிக்காரர் போட்டோவைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "மீட்டர் மக்கர் பண்ணுச்சு, வேற மாத்துனோம். அதுல 31-தான் இருந்துச்சு. அதுல என்ன தப்பு?" என்றார். பிறகு ரசீதின் பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கையெழுத்து உங்களுதுதானே?

சரி, பத்து விஷயம் சொல்கிறேன் என்றேன். இப்போது நாலுதான் தோன்றுகிறது, அதுவும் அவசரத்தில். சொல்லாமல் போங்கள், இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் காலையில் போங்கள். மீட்டரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்: கால் வைக்கிற ரப்பர், சாவியின் பல், பிரேக் டிஸ்க். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருப்பார்கள், அளந்து பாருங்கள், விளிம்பில் நகம் தட்டுகிற மாதிரி படி இருந்தால் 31,000-தானா என்று சந்தேகப்படுங்கள். மலையில் இருக்கிறவர்கள் இறக்கத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பின்னால் ஒரு ஆளை வரச் சொல்லுங்கள். முழுப் பணத்துக்கும் ரசீது வாங்குங்கள், நான் கொடுத்த 60,000-க்கு இன்று சாட்சியே இல்லை.

இன்னொன்று, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கிற கடைகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதை முதலில் காட்டச் சொல்லுங்கள். நான் நேற்றுதான் கேட்டேன், மாவட்ட ஆட்சியரா நீங்கள் என்று கேட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். கடை கோயம்புத்தூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது என்று வக்கீல் நண்பர் சொன்னார். வழக்குப் போட நாளைக்கு ஊட்டி போகிறேன்.

அரவங்காட்டுக்காரருக்குக் காலையில் போன் செய்தேன். வண்டியைப் போன மாசமே ஒரு கேரளாப் பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். "நோட்டையும் கேட்டு வாங்கிட்டுப் போனான் தம்பி" என்றார்.